வைரஸ் கார்ட்டின் பாரம்: காவலுக்கும் வேகத்துக்கும் இடையில் நாற்பது வருடக் கணக்கு

எங்கட கலைப்பீடத்தில் லெப்டொப் பற்றிப் பேச்சு எழும்பினால் இரண்டு கட்சி வந்துவிடும். ஒரு கட்சி, "வைரஸ் கார்ட் போட்டால் மெஷின் இழுக்குது, அதைத் தூக்கு" எண்டு சொல்லும். மற்றக் கட்சி, "அது இல்லாமல் ஒருத்தற்ற பென்ட்ரைவையும் குத்தாதே" எண்டு பயப்படுத்தும். இரண்டு கட்சியும் பாதிதான் சரி. காவல் வேண்டும், வேகமும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தராசு எப்படி வந்தது, அதன் தட்டுகளில் யார் எதை வைத்தார்கள், பாரத்தை யார் சுமந்தார்கள் என்ற கேள்வி எங்களிடையே பெரிதாக எழுவதில்லை. சொஃப்ட்வெயார் எண்டால் விஞ்ஞானபீடத்துக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். இது ஒரு வரலாற்றுக் கேள்வியும்தான் என்று காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முழுச் சரியான விடை இல்லாத கேள்வி

1971 இல் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் வேலை செய்த பொப் தோமஸ், ஆர்பாநெட் வலையமைப்பில் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக நகரும் புரோகிராம் ஒன்றை எழுதினார். அதன் பெயர் கிரீப்பர். அது எதையும் அழிக்கவில்லை. தான் வந்துபோனதைத் திரையில் காட்டியது, அவ்வளவுதான். அதைத் தேடி அழிக்க ரீப்பர் என்ற இன்னொரு புரோகிராம் வந்தது. அதை எழுதியவர் மின்னஞ்சலின் தொடக்கத்தோடு பெயர் சேர்ந்த ரே டொம்லின்சன். கவனிக்க வேண்டியது, ரீப்பரும் கிரீப்பரைப் போலவே மெஷினுக்கு மெஷின் தாவித்தான் வேலை செய்தது. கள்ளனைப் பிடிக்கப் போன காவலாளியும் கள்ளன் போன வழியாலேயே போகவேண்டியிருந்தது. இந்த விசயம் பின்னாலும் திரும்பத் திரும்ப வரும்.

1982 இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவன், அப்பிள் 2 கணினியின் பிளொப்பிகள் வழியாகப் பரவும் எல்க் குளோனரை எழுதினான். அது விளையாட்டு. அதை விளையாட்டிலிருந்து கோட்பாட்டுக்கு எடுத்துச் சென்றவர் பிரெட் கோஹென். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1983, 84 காலத்தில், இப்படித் தன்னைத் தானே பிரதி செய்யும் புரோகிராம்களைச் சோதித்தார். அவற்றுக்கு வைரஸ் என்ற பெயரை முன்வைத்தவர் அவருடைய ஆசிரியர் லென் ஏட்ல்மன்.

கோஹென் சொன்னதில் எங்களுக்கு முக்கியமானது ஒன்று. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் இது வைரஸா இல்லையா என்று ஒருபோதும் பிழைக்காமல் தீர்ப்புச் சொல்லும் புரோகிராம் இருக்கமுடியாது என்று அவர் கணித ரீதியாக நிறுவினார். 1936 இல் அலன் டியூரிங் காட்டிய எல்லையின் உறவுக்காரன் இந்த முடிவு. இதன் நடைமுறை அர்த்தம் என்ன? எந்த வைரஸ் கார்ட்டும் மூன்றில் ஒன்றையாவது விலையாகக் கொடுத்தே ஆகவேண்டும். சில வைரஸ்களைத் தவறவிடலாம். சில நல்ல கோப்புகளைக் கள்ளன் என்று பிடிக்கலாம். அல்லது ஒவ்வொன்றையும் ஆறுதலாக, நீண்ட நேரம் ஆராயலாம். அதாவது மெஷின் இழுக்கும். ஆக, பாதுகாப்பா வேகமா என்ற பேரம், கொம்பனிக்காரர்கள் சோம்பேறிகள் என்பதால் வந்ததல்ல. அது இந்தத் துறை பிறக்கும்போதே கூடப்பிறந்தது.

லாகூரிலிருந்து சென்னை வரை

கணினி வரலாறு எண்டால் கலிஃபோர்னியா என்றே எழுதிப் பழகிவிட்டோம். வைரஸ்களின் வரலாறு அப்படிப் போகவில்லை. ஐபிஎம் பிசிகளில் உலகம் முழுக்கப் பரவிய முதல் வைரஸ் 1986 இல் லாகூரிலிருந்து புறப்பட்டது. பாசித் பாரூக் அல்வி, அம்ஜத் பாரூக் அல்வி என்ற இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெயின். தங்கள் மருத்துவ மென்பொருளைக் களவாகக் கொப்பி அடிப்பதைத் தடுக்கவே எழுதினோம் என்பது அவர்கள் பின்னர் சொன்ன விளக்கம். தங்கள் கடையின் விலாசத்தையும் தொலைபேசி இலக்கங்களையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். ஒளிய வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை.

பிரெயின் என்ன கெடுதி செய்தது? பிளொப்பி டிரைவை மெதுவாக்கியது. ஏழு கிலோபைட் அளவு நினைவகத்தைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் பெரும்பாலும். இன்று "வைரஸ் கார்ட் என்ன செய்யுது?" என்று எங்கட பெடியளைக் கேட்டால், "மெஷினை ஸ்லோ ஆக்குது, ராம் குடிக்குது" என்பார்கள். முதல் பெரிய பிசி வைரஸின் குற்றப்பத்திரமும் அதுதான். நோயும் மருந்தும் ஒரே குணத்தோடு வந்தன.

மருந்து செய்தவர்களில் பலரும் ஓரங்களில் இருந்தவர்கள்தான். 1987 இல் அப்போதைய செக்கோஸ்லோவாக்கியாவில் மிரோஸ்லாவ் ட்ரின்கா, பீட்டர் பாஷ்கோ என்ற இரண்டு இளைஞர்கள் நொட் என்ற புரோகிராமை எழுதினார்கள். அந்தப் பெயர் ஒரு பகிடி. அந்த நாட்டில் பிரபலமாயிருந்த, நகரத்தின் ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் பெயரைத் திருப்பி, டிஸ்க்கின் ஓரத்து ஆஸ்பத்திரி என்று வைத்தார்கள். 1992 இல் அதிலிருந்து ஈசெட் நிறுவனம் பிறந்தது. அடுத்த வருடமே நாடு இரண்டாகப் பிரிந்தது. நிறுவனம் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் நிலைத்தது. பிராகாவில் பாவெல் பவ்டிஷ் 1988 இல் வியன்னா என்ற வைரஸைக் கண்டு அதை நீக்க எழுதிய புரோகிராமிலிருந்து அவாஸ்ட் வந்தது. சென்னையில் 1991 இல் கேசவர்த்தனன் கே7 நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் கட்கர் சகோதரர்களின் குவிக் ஹீல் வந்தது.

நொட் நீண்ட காலம் "லைட்" என்று பெயர் எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் பெரும்பகுதி அசெம்ப்ளி மொழியில், மெஷினின் எலும்புக்கு மிகக் கிட்டவாக எழுதப்பட்டது. பலம் குறைந்த மெஷின்களும் நினைவகத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பழக்கமும் இருந்த இடத்தில் ஒரு சொஃப்ட்வெயார் பிறந்தால், சிக்கனம் அதன் உடம்பில் ஊறிவிடும். வசதியான மெஷின்களை மனதில் வைத்து எழுதப்பட்டால் அந்தச் சிக்கனம் வரவேண்டிய தேவையே இல்லை. இது எங்கட வாசிப்பு. ஆனாலும் பொருந்துகிறது என்றே நினைக்கிறோம்.

வாசலில் நிற்கும் ஆள்

ஆரம்பத்தில் வைரஸ் தேடுவது நீங்கள் நினைத்தபோது செய்யும் வேலை. பிளொப்பியைப் போட்டு, புரோகிராமை ஓட்டி, முடிந்ததும் மூடிவிடலாம். ஆனால் ஆட்கள் மறந்துவிடுவார்கள். ஆகவே எப்போதும் நினைவகத்திலேயே குந்தியிருந்து, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் பார்க்கும் முறை வந்தது. டொஸ் காலத்தில் புரோகிராம்களுக்குக் கிடைத்த சாதாரண நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே. அதில் ஒரு துண்டை இந்தக் காவலாளிக்கு வெட்டிக் கொடுக்கவேண்டும். அப்படிக் கொடுத்தால் சில பெரிய புரோகிராம்கள் ஓடாது. பேரம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இன்றைக்கும் அடிப்படை அதுதான். ஒரு வேர்ட் கோப்பைத் திறக்கும்போது ஒரு கோப்பு மட்டும் திறபடுவதில்லை. பின்னால் பல கோப்புகள் திறபடுகின்றன. ஒவ்வொன்றும் வாசலில் நிற்பவரைத் தாண்டிப் போகவேண்டும். அவர் கையிலுள்ள அடையாளப் பட்டியலோடு ஒப்பிடுவார். ஸிப் கோப்பு எண்டால் உள்ளே அவிழ்த்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் ஒரு போலி அறைக்குள் ஓடவிட்டு நடத்தையைப் பார்ப்பார். ஒரு பெரிய படத்தைக் கொப்பி பண்ணும்போது தெரியாத இழுவை, மூவாயிரம் சின்னப் புகைப்படங்கள் உள்ள ஃபோல்டரைக் கொப்பி பண்ணும்போது தெரிவது இதனால்தான். அளவல்ல, எண்ணிக்கைதான் அவரைக் களைப்பாக்கும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் எண்டால் இன்னும் மோசம். வைரஸ் கார்ட்டும் நீங்களும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்தில் வாசிக்கச் சொன்னால், டிஸ்க்கின் ஊசி இரண்டு பக்கமும் ஓடி ஓடியே நேரம் போய்விடும்.

90 களின் தொடக்கத்திலேயே பட்டியல் மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை பரவும்போதும் உருவத்தை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் வந்தன. பல்கேரியாவிலிருந்து டார்க் அவெஞ்சர் என்ற புனைபெயரில் இயங்கியவர், இந்த உருமாற்றத்தை யாரும் தங்கள் வைரஸில் பொருத்தக்கூடிய ஒரு கருவியாகவே செய்து வெளியிட்டார். அடையாள அட்டையை மட்டும் பார்த்த காவலாளி இனி ஆளின் நடையையும் பார்க்கவேண்டும். நடையைப் பார்க்க நேரம் எடுக்கும்.

பயத்தின் சந்தை, பாரத்தின் காலம்

1992 மார்ச் 6 ஆம் திகதி மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் விழித்து டிஸ்க்குகளை அழிக்கும் என்று உலக ஊடகங்கள் அலறின. இலட்சக்கணக்கில், ஐம்பது இலட்சம் வரைக்கும் கூட மெஷின்கள் பாதிக்கப்படலாம் என்ற எண்கள் ஓடித்திரிந்தன. நாள் வந்தது. பாதிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கில்தான். ஆனால் அதற்கு முன்னைய வாரங்களில் வைரஸ் கார்ட்டுகள் நன்றாக விலைப்பட்டன. பயம் ஒரு விற்பனைப் பொருள் என்று இந்தத் தொழில் கற்றுக்கொண்ட தருணம் அது.

அதற்காகப் பயம் எல்லாம் பொய் என்று சொல்லவரவில்லை. 1999 ஏப்ரல் 26 இல், தாய்வானில் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் விழித்தபோது மெஷின்களின் பயோஸ் சிப்பையே அழித்து எழுதியது. ஆசிய நாடுகள் பல கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து காதல் கடிதமாக வேடமிட்டு வந்த மின்னஞ்சல் புழு உலகத்தைச் சுற்றியது. அப்போது பிலிப்பைன்ஸில் அதைத் தண்டிக்கச் சட்டமே இருக்கவில்லை. 2003 இல் பிளாஸ்டர், 2004 இல் சாசர் என்று, நீங்கள் எதையும் திறக்காமலேயே இணையத்தில் இணைந்த உடனே தொற்றும் புழுக்கள் வந்தன.

இதற்குப் பதிலாகக் கொம்பனிகள் செய்தது, எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பது. வைரஸ் கார்ட், ஃபயர்வோல், ஸ்பாம் தடுப்பு, பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு, பக்கத்தில் இன்னும் பத்துச் சாமான். 2000 களின் நடுப்பகுதியில் நோர்ட்டனும் மக்காஃபியும் பாரத்துக்கே பெயர் பெற்றவையாகிவிட்டன. புதுக் கணினியோடு ஓசியாக வந்து, பிறகு கழற்றவும் முடியாமல் நின்றன. வைரஸ் வந்திருந்தாலும் இவ்வளவு இழுத்திராது என்ற பகிடி உலகப் பொதுவானது.

2009 ஆம் ஆண்டுப் பதிப்போடு நோர்ட்டன் ஒரு திருப்பத்தை எடுத்தது. தன் புரோகிராமைத் திரும்பக் கட்டி, ஒரு நிமிடத்துக்குள் நிறுவிவிடலாம் என்று விளம்பரம் செய்தது. அதில் ஒரு முக்கியமான உத்தி இருந்தது. உலகத்தில் கோடிக்கணக்கான ஆட்களிடம் இருக்கும், நல்லது என்று தெரிந்த கோப்புகளை ஒவ்வொரு தடவையும் பார்க்கத் தேவையில்லை. ஊருக்குத் தெரிந்த ஆளை வாசலில் மறிப்பானேன்? அதே காலத்தில் கோப்பின் கைரேகையை மட்டும் இணையம் வழியாக அனுப்பிக் கேட்கும் மேகக்கணினி முறையும் பரவியது. மெஷின் உண்மையாகவே இலேசானது.

ஆனால் இந்த உத்திக்குப் பின்னால் எங்களைத் தொடும் ஒரு விசயம் இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தவர் நல்லவர் எண்டால், ஊருக்குத் தெரியாதவர் யார்? சந்தேக நபர். கோடிப்பேர் பாவிக்கும் ஆங்கிலச் சொஃப்ட்வெயார் மறிப்பில்லாமல் போகும். ஆயிரம் பேர் மட்டும் பாவிக்கும், ஒரு தன்னார்வலர் இரவில் இருந்து எழுதிய, டிஜிட்டல் சான்றிதழ் வாங்கக் காசில்லாத ஒரு தமிழ் எழுத்துருமாற்றி வாசலில் நிற்கவேண்டிவரும். தமிழ் தட்டச்சுக் கருவிகளின் நிலை இன்னும் சிக்கல். நீங்கள் அழுத்தும் விசையை இடையில் பிடித்து வேறு எழுத்தாக மாற்றுவதுதான் அவற்றின் வேலை. கடவுச்சொல் திருடும் புரோகிராமும் விசையை இடையில்தான் பிடிக்கும். நடையை மட்டும் பார்க்கும் காவலாளிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வேகத்துக்காகப் பெரும்பான்மையை நம்பும் முறை, சின்ன மொழிக்காரரிடம் கொஞ்சம் கூடுதலாக அறவிடுகிறது. இலங்கையில் வாழும் எங்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதில்லை.

எங்கட பென்ட்ரைவ் காலம்

எங்களுக்கு முந்திய பட்ச் அண்ணாமார், அக்காமார் சொல்லும் கதைகளில் இணையத்தை விடப் பென்ட்ரைவ்தான் பெரிய பாத்திரம். விண்டோஸ் எக்ஸ்பியில் பென்ட்ரைவைக் குத்தியவுடன் தானாக ஓடும் ஓட்டோரன் வசதி இருந்தது. வசதியாகச் செய்தது, வைரஸுக்கு வாசலாகிவிட்டது. 2008 இன் கடைசியில் வந்த கொன்ஃபிக்கர் புழு வலையமைப்பு வழியாகவும் பென்ட்ரைவ் வழியாகவும் பரவியது. விண்டோஸ் 7 பென்ட்ரைவுக்கு அந்த வசதியை நிறுத்தியது. பழைய எக்ஸ்பி, விஸ்டா மெஷின்களுக்கு அதே மாற்றம் 2011 பெப்ரவரியில்தான் வழமையான அப்டேட்டாகப் போனது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி நிற்கும் அந்தப் பழைய வியாதி, அச்சுக்கடைகளிலும் நெட் கபேகளிலும் எத்தனை பேரின் எசைன்மென்ட்டைப் பதறவைத்திருக்கும்!

இந்த இடத்தில்தான் உலகத் தீர்வும் உள்ளூர் நிலைமையும் பொருந்தவில்லை. வைரஸ் கார்ட் எண்டால் தினமும் அப்டேட் வேண்டும். அப்டேட்டுக்கு இணையம் வேண்டும். டயலப்பில் மணித்தியாலக் கணக்கில் காசு கட்டும் வீட்டில் யார் அப்டேட் இறக்குவது? பழைய பட்டியலோடு நிற்கும் வைரஸ் கார்ட், பாரம் முழுவதையும் தந்து காவலில் பாதியைத்தான் தரும். அதனால் பல நெட் கபேகள் வேறு வழி பிடித்தன. டீப் ஃப்ரீஸ் போன்ற சொஃப்ட்வெயாரைப் போட்டு, ஒவ்வொரு தடவை றீஸ்டார்ட் செய்யும்போதும் மெஷினைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தார்கள். கள்ளனைப் பிடிக்கவில்லை, வீட்டை ஒவ்வொரு காலையும் புதிதாகக் கட்டினார்கள். கனமான வைரஸ் கார்ட் இல்லாமலேயே பொது மெஷின்கள் தப்பிப் பிழைத்தன. ஆனால் டெஸ்க்டொப்பில் சேமித்துவிட்டுப் போன பிள்ளையின் கோப்பும் அதோடு போய்விடும். மெஷின் பாதுகாப்பு, ஆளின் வேலை பாதுகாப்பில்லை. எதைக் காப்பாற்றுகிறோம் என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாகக் கேட்கமுடியாது.

அளப்பவர்களும் அளவுகோலும்

எது இலேசு, எது பாரம் என்று யார் சொல்லுவது? ஒஸ்ரியாவின் இன்ஸ்புருக் நகரில் மாணவர் முயற்சியாகத் தொடங்கிய ஏவி-கொம்பரட்டிவ்ஸ், ஜெர்மனியின் மக்டெபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் என்ற இரண்டும் இதில் அறியப்பட்ட ஆய்வுக்கூடங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பாவனைக்கு இலகுவா என்பதற்கு 6 என்று மொத்தம் 18 புள்ளி கொடுக்கும். மூன்றாவது புள்ளி முக்கியம்: நல்ல கோப்பைக் கள்ளன் என்று பிடித்தால் அங்கேதான் குறையும். ஏவி-கொம்பரட்டிவ்ஸ் கோப்புக் கொப்பி பண்ணுதல், ஸிப் ஆக்குதல், புரோகிராம் நிறுவுதல், திறத்தல், பதிவிறக்குதல், இணையத்தளம் பார்த்தல் என்று ஒவ்வொன்றாக அளக்கும்.

இந்த அறிக்கைகள் இலவசம், வாசிக்கக்கூடியவை. விளம்பரத்தை நம்புவதைவிட இவற்றை நம்பலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கோ. அவர்களின் குறைந்தவிலை மெஷினிலும் எஸ்எஸ்டி இருக்கும். எங்களில் பலருக்கு அண்ணா பாவித்து, அக்கா பாவித்து, மூன்றாவதாகக் கைக்கு வந்த ஹார்ட் டிஸ்க் மெஷின்தான். அங்கே மிகக் குறைந்த தாக்கம் என்று வருவது இங்கே வேறு மாதிரித் தெரியலாம். ஆய்வுக்கூடம் பொய் சொல்லவில்லை. அது வேறொரு ஊரின் ஏழ்மையை அளக்கிறது.

இலவசத்தின் விலை

2001 இல் அவாஸ்ட் வீட்டுப் பாவனைக்கு இலவசமானது. ஏவிஜியும் அதே காலத்தில் இலவசப் பதிப்பைத் தந்தது. எங்கட நாட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் 2020 ஜனவரியில் வெளிவந்த செய்தியின்படி, அவாஸ்ட் தன் துணைநிறுவனமான ஜம்ப்ஷொட் வழியாகப் பாவனையாளர்களின் இணைய உலாவல் தரவை விற்றிருந்தது. ஜம்ப்ஷொட் மூடப்பட்டது. 2024 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 165 இலட்சம் டொலர் கட்டச் சொன்னது. காவலாளி வீட்டுக் கதையை வெளியே விற்றிருக்கிறார்.

காசு கட்டினால் மட்டும் சுகமா? 2021 இல் நோர்ட்டன் தன் 360 பதிப்போடு கிரிப்டோ நாணயம் தோண்டும் வசதியைச் சேர்த்தது. விரும்பினால் போடலாம், வருவதில் 15 வீதம் கொம்பனிக்கு. ஒரு காலத்தில் மெஷினைக் களவாகப் பாவித்து நாணயம் தோண்டும் புரோகிராமைப் பிடிப்பதுதான் வைரஸ் கார்ட்டின் வேலை. அடுத்த வருடம் நோர்ட்டனும் அவாஸ்ட்டும் ஒரே கொம்பனிக்குள் சேர்ந்துவிட்டன.

இதற்கிடையில் மைக்ரோசொஃப்ட் 2009 இல் செக்கியூரிட்டி எசென்ஷல்ஸை இலவசமாகத் தந்தது. 2012 இல் விண்டோஸ் 8 உடன் டிஃபென்டர் விண்டோஸுக்குள்ளேயே வந்தது. அதன் ஆரம்பப் பதிப்புகள் சோதனைகளில் மோசமாகவே செய்தன. பின்னர் பாதுகாப்பில் முன்னணி வரிசைக்கு வந்தது. வேகச் சோதனைகளில் மட்டும் அது எப்போதும் முன்வரிசை இல்லை. ஆனாலும் கூடுதல் காசில்லை, விளம்பரமில்லை, மூன்றாவது ஆளின் கையில்லை. பெரும்பாலானோருக்கு அது போதும் என்ற நிலை வந்தது இந்தப் பத்து வருடத்தின் பெரிய மாற்றம்.

காவலாளி விழுந்தபோது

2010 ஏப்ரல் 21 இல் மக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பை வைரஸ் என்று பிடித்தது. மெஷின்கள் திரும்பத் திரும்ப றீஸ்டார்ட் ஆகின. 14 வருடம் கழித்து, 2024 ஜூலை 19 இல் கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு அப்டேட்டால், மைக்ரோசொஃப்ட்டின் மதிப்பீட்டில் 85 இலட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன. விமானநிலையங்கள், ஆஸ்பத்திரிகள், வங்கிகள் நின்றன. பல மெஷின்களை ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்பவேண்டியிருந்தது. 2010 இல் மக்காஃபியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜோர்ஜ் கேர்ட்ஸ்தான் 2024 இல் கிரௌட்ஸ்ட்ரைக்கின் தலைவர். ஆளைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. காவலாளிக்கு மெஷினின் மிக ஆழமான அறையின் திறப்பைக் கொடுத்தால்தான் அவர் வேகமாகவும் முழுமையாகவும் பார்க்கமுடியும். அதே திறப்பால்தான் அவர் வீட்டையே விழுத்தவும் முடியும். அதன் பிறகுதான் காவல் சொஃப்ட்வெயாரைக் கேர்னலுக்கு வெளியே நகர்த்தும் வேலையில் மைக்ரோசொஃப்ட் இறங்கியது.

2018 ஜனவரியில் இதன் மறுபக்கம் தெரிந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற குறைகள் வைரஸ்கள் அல்ல. வேகத்துக்காகப் புரோசசர்கள் அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்து வைக்கும் பழக்கத்திலிருந்து வந்தவை. வருடக்கணக்காக நாங்கள் அனுபவித்த வேகத்தின் ஒரு பகுதி, பாதுகாப்பிலிருந்து கடன் வாங்கியது. கடனை அடைக்க வந்த அப்டேட்டுகள் மெஷின்களை மெதுவாக்கின. பழைய புரோசசரும் பழைய விண்டோஸும் உள்ளவர்களுக்குத்தான் அது அதிகம் உறைக்கும் என்று மைக்ரோசொஃப்ட்டே அப்போது சொன்னது. வட்டி கட்டியது பழைய மெஷின்காரர்.

இப்ப என்ன செய்யிறது?

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனதன் பிறகு, புது லெப்டொப் என்பது எங்களில் பலருக்கு வீட்டில் வாய்திறந்து கேட்கமுடியாத சாமான். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சிப்பும் ஓரளவு புதிய புரோசசரும் கேட்கிறது; 2017 நடுப்பகுதிக்கு முந்திய பெரும்பாலான இன்டெல் மெஷின்களை உத்தியோகபூர்வமாக ஏற்காது. பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்த முடிவுதான். ஆனால் ஓடக்கூடிய மெஷின்களை ஓரங்கட்டும் முடிவும் அதுவேதான்.

இன்னொன்றையும் பேசாமல் விட்டால் நேர்மையில்லை. எங்கட பீடங்களில் ஓடும் விண்டோஸ், ஒஃபிஸ், புள்ளிவிபரச் சொஃப்ட்வெயார் எல்லாம் காசுக்கு வாங்கியவை என்று யாரும் நம்பமாட்டார்கள். கிராக் செய்த பிரதியோடு வரும் முதல் அறிவுறுத்தல், "வைரஸ் கார்ட்டை ஓஃப் பண்ணு" என்பதுதான். வேகத்துக்காக மட்டும் நாங்கள் காவலாளியை அனுப்புவதில்லை, வறுமைக்காகவும் அனுப்புகிறோம். லாகூர்ச் சகோதரர்களின் கதை தொடங்கிய அதே இடம். விலை உயர்ந்த சொஃப்ட்வெயாருக்குப் பதிலாக ஆர், பிஎஸ்பிபி, லிப்ரே ஒஃபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களைப் பாவிக்கப் பழகினால், அந்த ஓஃப் பண்ணும் கட்டாயமே வராது. எங்களைப் பொறுத்தவரை, நல்ல வைரஸ் கார்ட் எது என்ற கேள்விக்கு முந்தின கேள்வி இது.

மற்றபடி இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் விசயங்கள் எளிமையானவை. ஒரு மெஷினில் ஒரே ஒரு நிரந்தரக் காவலாளி. இரண்டு பேரை நிறுத்தினால் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டு நிற்பார்கள். நான்கு ஜிபி ராம் உள்ள மெஷினுக்குப் பத்து வசதியுள்ள பெட்டி வேண்டாம். டிஃபென்டரோ, சோதனைகளில் இலேசு என்று தொடர்ந்து வரும் ஒன்றோ போதும். முழு ஸ்கேனை எசைன்மென்ட் எழுதும் நேரத்தில் விடாமல் படுக்கப்போகும்போது விடலாம். வேகத்துக்காகச் சில ஃபோல்டரைப் பார்க்கவேண்டாம் என்று விலக்குவதானால், டவுன்லோட் ஃபோல்டரையும் பென்ட்ரைவையும் ஒருபோதும் விலக்கக்கூடாது. காசு கொஞ்சம் கிடைத்தால் வருடச் சந்தாவுக்கு முன் ஒரு சின்ன எஸ்எஸ்டி. இழுவைக்குப் பாதி மருந்து அதுதான். விண்டோஸ் 11 ஏற்காத மெஷினுக்கு இலேசான லினக்ஸ் ஒன்று. யூனிகோட் தமிழ் அதில் நன்றாகவே ஓடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிரதி எடுத்து வைத்தல். 2017 மே மாதம் வொன்னாக்ரை உலகம் முழுக்க மெஷின்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முந்தியே மார்ச்சில் வந்திருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்களில் வேறெங்காவது பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். இந்த மெஷின்களில் நாங்கள் வைத்திருப்பது எசைன்மென்ட் மட்டுமில்லை. அம்மம்மாமார் சொன்ன இடப்பெயர்வுக் கதைகளின் ஒலிப்பதிவுகள், ஊர்க்கோயில் மலர்களின் ஸ்கேன்கள், எரிந்ததுபோக மிஞ்சிய ஆல்பங்களின் படங்கள் எல்லாம் யாரோ ஒருவரின் பழைய லெப்டொப்பில்தான் இருக்கின்றன. பல வேளைகளில் ஒரே ஒரு பிரதி. கோஹெனின் கணிதம் சொன்னபடி முழுக்க நம்பக்கூடிய காவலாளி கிடைக்கப்போவதில்லை. இரண்டாவது பிரதி எடுப்பதற்கு அப்படி ஒரு எல்லை இல்லை. இந்தச் சனிக்கிழமை ஒரு நண்பரின் ஹார்ட் டிஸ்க்கைக் கடன் வாங்கியாவது அதைச் செய்யுங்கோ.